ஐந்தாம் மாதத்தில் நின்றுபோன பியானோ சாதகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியவர்களான பிறகு பியானோ கற்க வருகிறவர்களில் பலர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "நேரம் இல்லை" என்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்கள் என்றால் "ஆர்வம் போயிடுச்சு" என்று சொல்வார்கள். இரண்டையும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நேரமே இல்லாதவர் வகுப்புக்கு மட்டும் எப்படி வாரம் தவறாமல் வந்தார்? ஆர்வம் போனவர் நிறுத்தும்போது ஏன் அவ்வளவு வருத்தப்படுகிறார்? அப்படி நிறுத்தும் கட்டத்துக்கு வந்த ஒரு மாணவரின் வீட்டுச் சாதகத்தைக் கூடவே இருந்து பார்த்து எழுதிய பதிவு இது. எழுத அவர் சம்மதித்தார். பெயரும் மற்ற அடையாளங்களும் வேண்டாம் என்றார்.

பின்னணி

வயது 40ஐத் தாண்டியவர். கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. சிறுவயதில் இசை படித்ததில்லை, ஆனால் கேட்கும் காது உண்டு. சுருதி விலகினால் உடனே முகம் சுளிப்பார். 88 கட்டைகளும் உள்ள ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கியிருந்தார். கட்டைகள் நிஜப் பியானோ போலக் கனமாக அழுந்தும் வகை, ஹெட்போன் மாட்டி வாசிக்கலாம். அதாவது, கருவியில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வரும்போதே ஓர் ஆசையோடு வந்தார்: 'ஃப்யூர் எலீஸ்' வாசிக்க வேண்டும். பீத்தோவன் 1810இல் எழுதியது. அவர் இறந்து 40 வருடம் கழித்து, 1867இல்தான் அச்சில் வந்தது. பியானோ கற்க வருகிறவர்கள் அதிகம் கேட்கும் உருப்படிகளில் இதுவும் ஒன்று. ஆளை நன்றாக ஏமாற்றும் உருப்படியும்கூட. எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் எட்டு பார்களை (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) புதிதாகக் கற்பவர்கூடச் சில வாரங்களில் வாசித்துவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் அசந்துபோவார்கள். நடுவில் எஃப் மேஜரில் விரல் பறக்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அதற்கும் அப்புறம், இடக்கை ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்ட, மேலே கனமான கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) நகரும் பகுதி வருகிறது. முதல் பக்கத்தைப் பார்த்து இது எனக்கு எட்டும் என்று நினைத்தவர், இரண்டாம் பக்கத்தில் சுவரில் முட்டிக்கொள்கிறார்.

முதல் மூன்று மாதம் அநேகமாகத் தினமும் உட்கார்ந்தார். நான்காவது மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாயிற்று. ஐந்தாவது மாதம் வகுப்புக்கு முந்தின இரவு மட்டும். அப்போது அவர் சொன்னது: "உட்கார்ந்தா கை ஓடுது டீச்சர். ஆனா எங்கேயும் போய்ச் சேர மாட்டேங்குது. வயசாயிடுச்சோன்னு தோணுது."

வயதை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

ஒரு நாள் சாதகத்தைக் கேட்டபோது

எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போல் உட்காருங்கள், தொடக்கத்திலிருந்து முடிவு வரை போனில் பதிவு செய்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். சில பதிவுகள் வந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் இசையே இல்லை. பியானோ மேல் இருந்த புத்தகங்களையும் துணிகளையும் எடுத்துவைக்கும் சத்தம், உறையை உருவும் சத்தம், அடாப்டர் எங்கே என்று யாரிடமோ கேட்கும் குரல். முதல் ஸ்வரம் கேட்பதற்குள் நான்கு நிமிடம் ஓடிவிட்டது.

அப்புறம் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறார். முதல் எட்டு பார்கள் சுத்தம், சொல்லப்போனால் அழகு. 12ஆம் பாரை ஒட்டிச் சிக்கல். அங்கே ஈ ஸ்வரம் இடக்கையில் தொடங்கி, ஸ்தாயி ஸ்தாயியாக மேலே தாவி வலக்கைக்குப் போகும். பிறகு டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ என்று இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி வந்து, பழைய மெட்டுக்குள் நழுவும். கீழே அர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வருவது) எதுவும் ஓடாததால் தாளத்துக்குப் பிடிமானம் இல்லை. எத்தனை முறை மாறி வர வேண்டும் என்ற எண்ணிக்கை அவருக்குத் தவறுகிறது. ஒரு தடவை ஒரு ஜோடி கூடுதல், அடுத்த தடவை ஒன்று குறைவு. தவறியதும் "ச்சு" என்கிறார். உடனே முதல் பாருக்குப் போய்விடுகிறார்.

பதிவு முழுக்க இதே கதை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரச் சாதகத்தில், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த எட்டு பார்களுக்கு 20 நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. தெரியாத அந்த மூன்று பார்களுக்கு, எல்லா முயற்சிகளையும் சேர்த்தாலும், இரண்டு நிமிடம் தேறவில்லை. அந்த இரண்டு நிமிடத்திலும் சரியாக வந்தது ஒரு முறைதான். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த வரியில் வேறு எங்கோ தடுக்கி மறுபடி முதலுக்கே போய்விட்டார். கடைசியில் 12ஆம் பாரில் மீண்டும் ஒரு தவறு, ஒரு பெருமூச்சு, மூடியைச் சாத்தும் சத்தம்.

இதை வைத்து அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? மனிதர் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு போய்ச் சேர்ந்த இடம்தான் கோளாறு. ஒவ்வொரு இரவும் தோற்ற கணத்தில் எழுந்து போகிறவருக்கு மறுநாள் அந்தப் பக்கம் கால் எப்படி நகரும்?

பதிவில் கேட்காத ஒன்றும் இருந்தது. வாசிக்கும்போது பக்கவாட்டில் இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது தாழ்வு. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே போய், மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. இப்படி 15, 20 நிமிடம் வாசித்தால் முன்கை கடுக்கத் தொடங்கும். கேட்டபோது, "ஆமா, கடுக்கும். அது சகஜம்தானே?" என்றார். இல்லை. கை கடுப்பதையும் மனசு அலுப்பதையும் அவர் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி சொல்வது

2009இல் ராபர்ட் டியூக், ஏமி சிம்மன்ஸ், கார்லா டேவிஸ் கேஷ் மூவரும் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். பல்கலைக்கழக அளவில் பியானோ படித்த 17 பேரிடம் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்டோவிலிருந்து மூன்றே பார்கள் கொடுத்தார்கள். திருப்தி வரும்வரை சாதகம் செய்யலாம், எவ்வளவு நேரம் என்பது அவரவர் இஷ்டம். மறுநாள் வாசிக்கச் சொல்லித் தரம் பிரித்தார்கள். எத்தனை நிமிடம் உட்கார்ந்தார், எத்தனை முறை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முன்னணியில் வந்த மூவரும் தவறு செய்யாதவர்கள் இல்லை. தவறு வந்ததும் அது எங்கே வந்தது என்று துல்லியமாகப் பிடித்து, அங்கேயே வேகத்தைக் குறைத்து, சரியாகும்வரை அந்த இடத்தை விட்டு நகராதவர்கள்.

நம் மாணவர் செய்தது இதற்கு நேர்மாறு. தவறு வந்த இடத்திலிருந்துதான் அவர் வேகமாக ஓடினார்.

10,000 மணி நேரம் பயின்றால் தேர்ச்சி வரும் என்று ஊரெல்லாம் பேசும் கணக்கின் மூலமும் ஒரு பியானோ, வயலின் ஆய்வுதான்: ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993இல் எழுதியது. எண் மட்டும் பிரபலமாகிவிட்டது. உள்ளே இருந்த விஷயம் காணாமல் போய்விட்டது. குறிப்பிட்ட குறையை எடுத்து, செய்து, விளைவைப் பார்த்துத் திருத்தும் சாதகத்தைப் பற்றி அவர்கள் பேசினார்கள். அந்த வகைச் சாதகம் செய்யும்போது சுகமாக இருக்காது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். "ரசிச்சு வாசிங்க, தானா வரும்" என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்கு அதனால்தான் ஒப்புவதில்லை. சாதகத்தில் கிடைக்கும் சந்தோஷம் வேறு ரகம்: பத்து நிமிடத்துக்கு முன்னால் வராதது இப்போது வருகிறது என்று காதால் கேட்பது. அது கிடைக்காத சாதகம் எத்தனை நாள் தாங்கும்?

செய்த மாற்றங்கள்

முதல் வேலை தச்சு வேலை மாதிரிதான் இருந்தது. உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் ஒன்று வந்தது. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு ஏறியது. பியானோ மேல் எதையும் வைப்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்தார்கள். அடாப்டர் நிரந்தரமாகச் செருகியே இருக்கும், ஹெட்போன் பெஞ்சின் மேல் இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவருக்கும் முதல் ஸ்வரத்துக்கும் இடையே நான்கு நிமிட வேலை இருந்தால், பல நாள் அந்த நான்கு நிமிடமே ஜெயித்துவிடும்.

அடுத்தது தொடங்கும் இடம். நோட்டேஷன் தாளில் பென்சிலால் 12, 13, 14ஆம் பார்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டோம். உட்கார்ந்ததும் முதலில் விரல் வைப்பது அங்கே. முதல் பார் கடைசியில், பரிசாக. இந்த ஒரு நிபந்தனைக்குத்தான் அவர் ரொம்ப முரண்டு பிடித்தார். "நடுவிலேர்ந்து வாசிக்கத் தெரியாதே டீச்சர், ஆரம்பிச்சு வந்தாத்தான் கை வருது" என்றார். அதுவே ஒரு நோயறிகுறி. விரல்கள் சங்கிலியாக மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் போகும்.

அந்த மூன்று பார்களை வகுப்பிலேயே எடுத்தோம். முதலில் வாசிக்காமல், 3/8 தாளத்தை (பாருக்கு மூன்று எண்ணிக்கை) வாய்விட்டு எண்ணிக்கொண்டு தொடையில் தட்டினார். ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கையிலும் எந்த ஸ்வரம் விழுகிறது என்று தாளில் குறித்தோம். ஜோடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தக் குறிகளைப் பிடித்துக்கொண்டு நகரச் சொன்னேன். பிறகு பாதி வேகத்தில் கடைசிப் பார் மட்டும், அடுத்து வரும் மெட்டின் முதல் ஸ்வரம் வரை. அங்கே நிறுத்தம். அது வந்ததும் அதற்கு முந்தின பாரைச் சேர்த்து, அதே ஸ்வரம் வரை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம். இதில் ஒரு சௌகரியம் உண்டு. வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம். வழக்கமான முறையில் தெரியாத இடத்தை நோக்கிப் பயந்துகொண்டே போகிறோம்.

இருபது நிமிடத்துக்குள் மூன்று பாரும் மெதுவான வேகத்தில் தடுக்காமல் வந்தன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இதுக்கா ரெண்டு மாசம்?" என்று கேட்டார். கொஞ்சம் கோபம்கூட இருந்தது அந்தக் குரலில். நல்ல கோபம்.

மறுநாள் வீட்டில் அது பாதி போயிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். போயிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் வயதின் கணக்கில் எழுதியிருப்பார். இரண்டாம் நாள் மீட்டெடுக்கப் பாதி நேரம்கூட ஆகவில்லை.

சில வாரம் கழித்து, ஒரே இடத்தை இருபது முறை திருப்புவதை நிறுத்தி, மூன்று சிக்கலான இடங்களைச் சுழற்சியில் எடுக்கச் சொன்னேன். இது மாணவர்களுக்குப் பிடிக்காது. ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தால் அன்றைக்கு நன்றாக வந்துவிட்ட மாதிரி இருக்கும். மாற்றி மாற்றி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தடுக்கும். ஆனால் பிற்பாடு நினைவில் தங்குவது இரண்டாவது வகை என்று ஷேயும் மார்கனும் 1979இல் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனையிலேயே தெரிந்துவிட்டது. "இன்னிக்கு எப்படி இருந்தது" என்று பார்க்காதீர்கள், "நேத்து விட்டது இன்னிக்கு இருக்கா" என்று பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். கணக்குப் பார்க்கும் மனிதர் அல்லவா, இந்தப் பேச்சு உடனே பிடித்துவிட்டது.

'ஃப்யூர் எலீஸ்' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகுதிக்கு மீறியது, பிறகு பார்க்கலாம் என்று எடுத்துவைக்கும் ஆசிரியர்கள் உண்டு. பெரியவர்கள் விஷயத்தில் அது ஆபத்து. அந்த ஒரு ஆசைக்காகத்தான் பெஞ்சில் உட்காருகிறார்கள். அதற்குப் பக்கத்தில் சின்ன உருப்படிகளை வைத்தோம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1926இலிருந்து 1939 வரை எழுதிய 'மைக்ரோகாஸ்மோஸ்' ஆறு தொகுதிகள், 153 துண்டுகள். முதல் தொகுதியின் தொடக்கத்தில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை, ஐந்து விரலுக்குள், வாசிக்கும். சில நாளில் ஒன்றை முடித்துவிடலாம். ஐந்து மாதத்தில் எதையுமே முடிக்காதிருந்தவர், சில வாரங்களில் நான்கு துண்டுகளை முடித்தவர் ஆனார். முடித்ததை மறக்காமல் வாரத்தில் ஒரு நாள் வாசித்து உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. யாராவது "ஏதாவது வாசியேன்" என்றால், தடுமாறாமல் வாசிக்க ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு வரிக் குறிப்புதான். எழுந்திருக்கும் முன் நோட்டில் ஒரே வரி: நாளை எங்கே தொடங்குவது. "13, இடக்கை மட்டும், மெதுவாக" என்பது போல. அன்றைய மதிப்பெண்ணோ நிமிடக் கணக்கோ வேண்டாம். களைப்போடு உட்காரும்போது என்ன செய்வது என்று யோசிப்பதே ஒரு சுமை. அதை நேற்றே இறக்கி வைத்தாகிவிட்டது.

பலன் தராதவை

நடுவில் ஒரு செயலியில் தொடர்ச்சிக் கணக்கு வைத்தார். ஒரு நாளும் விடாமல் வாசித்தால் எண் ஏறிக்கொண்டே போகும். ஏறும்வரை உற்சாகம்தான். வேலை விஷயமாகச் சில நாள் வெளியூர் போனார், எண் பூஜ்யமானது, திரும்பி வந்தும் ஏறக்குறைய இரண்டு வாரம் பியானோவைத் தொடவில்லை. "போனது போச்சு" என்ற மனநிலை. பழக்கம் உருவாவதைப் பற்றி பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் இருக்கிறது. அந்த வரியைக் காட்டிய பிறகு செயலியை அவரே அழித்துவிட்டார்.

ஹேனன் பயிற்சிகளும் எடுபடவில்லை. 1873இல் வந்த, 60 விரல் பயிற்சிகள் கொண்ட தொகுப்பு. பலருக்குப் பலன் தந்திருக்கிறது, இவருக்குக் கொட்டாவி தந்தது. பதிலாக, வாசிக்கும் உருப்படியின் ஸ்கேலை (அதன் அடிப்படை ஸ்வர வரிசையை) மட்டும் இரண்டு நிமிடம் எடுக்கிறார். அதையும் சில நாள் தாண்டிவிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பயண நாட்களுக்கு மனதால் சாதகம் செய்யச் சொன்னேன்: தாளைப் பார்த்து, விரலை அசைக்காமல், ஸ்வரமும் விரலும் மனதில் ஓட வேண்டும். 1995இல் பாஸ்குவல்-லியோன் குழு ஐந்து விரல் பியானோப் பயிற்சி ஒன்றை வைத்துச் சோதித்தபோது, கற்பனையில் மட்டும் வாசித்தவர்களின் மூளையிலும் விரல்களை இயக்கும் பகுதியில் மாற்றம் தெரிந்தது. இவர் பயனுள்ளதாக இருந்தது என்கிறார். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை.

எதிர்பாராமல் பலித்தது ஒன்று. ஒரு நாள் பார்டோக் துண்டு ஒன்றைப் பதிவு செய்து தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். "டேய், நீயா வாசிச்சே? நம்பவே முடியலடா. அடுத்தது எப்போ அனுப்புவே?" என்று பதில் வந்தது. அந்தக் கடைசிக் கேள்வி நான் கொடுத்த எந்தப் பாடத்தையும்விட வேகமாக வேலை செய்தது. மாதத்துக்கு ஒன்று அனுப்புவது இப்போது எழுதாத ஒப்பந்தம். சின்ன வயதில் இவர் பாடினால் கிண்டல் செய்த அக்கா என்பது கூடுதல் தகவல்.

ஒரு வருடம் கழித்து

வாரத்தில் நான்கைந்து நாள் உட்காருகிறார். பெரும்பாலும் 20, 25 நிமிடம். முன்பைவிட நேரம் குறைவு. முன்கைக் கடுப்பு இல்லை. 'ஃப்யூர் எலீஸ்' முதல் பகுதி முழுதாக, தடையில்லாமல் வருகிறது. எஃப் மேஜர் பகுதி இன்னும் முக்கால் வேகத்தில்தான். புதிய தாளைப் பார்த்து வாசிப்பது மெதுவாகவே இருக்கிறது. ரொம்பக் களைத்த நாளில் வட்டத்தை மறந்து முதல் பாரிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார், தவறினால் திரும்ப முதலுக்கே போகிறார். பழைய பாதை அழிந்துவிடவில்லை.

இந்தப் பதிவுக்கு எல்லைகள் உண்டு. பெஞ்ச், தொடங்கும் இடம், சின்ன உருப்படிகள், நோட்டு எல்லாம் ஒரே காலத்தில் மாறின. எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. நல்ல கருவியும், இரவில் ஒரு மணி நேர அமைதியும், புரிந்துகொள்ளும் குடும்பமும் அவருக்கு இருந்தன. எட்டு வயதுப் பிள்ளையின் கதை முற்றிலும் வேறு. அங்கே எங்கே தொடங்குவது என்று நோட்டில் எழுதப் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டியிருக்கும்.

இடக்கை ஏ ஸ்வரத்தை விடாமல் தட்டும் மூன்றாம் பகுதியை அவர் இன்னும் திறக்கவில்லை. மணிக்கட்டு இறுகாமல் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துவதற்கான பயிற்சியை, கார்டுகள் இல்லாமல் இடக்கைக்கு மட்டும், போன வாரம் தொடங்கியிருக்கிறோம்.